மிளகாய்க் கன்றுகள் மெட்ரோ ஏறிய புரட்டாதி

போன கிழமை பால் வாங்கப் போனபோது எங்கள் தெருமுனை டெப்பனர் கடை வாசலில் ஒரு வைக்கோல் கட்டு இருந்தது. அதன்மேல் இரண்டு பூசணிக்காய், பக்கத்தில் ஒரு பேய்ப் பொம்மை. இரவு பெய்த மழையில் வைக்கோல் நனைந்திருந்தது. நான் ஒரு பிடி உருவி முகர்ந்து பார்த்தேன். கூட வந்த மகளுக்கு வெட்கமாகப் போய்விட்டது. அது டெக்கரேஷனுக்கு வைத்தது அம்மா என்று கையைப் பிடித்து இழுத்தாள். அவளுக்கு என்ன தெரியும். நனைந்த வைக்கோல் மணம் வந்தால் எனக்கு லவாலில் இருந்த பெப்பேயின் தோட்டம் நினைவுக்கு வந்துவிடும். அங்கே வைக்கோல் அலங்காரம் இல்லை, உள்ளிப் பாத்திக்குப் போர்வை. வெள்ளைப்பூண்டை நாங்கள் உள்ளி என்போம்.

எண்பதுகளின் நடுப்பகுதி அது. நானும் இவரும் ஊரை விட்டு ஓடிவந்து, இந்தக் குளிர்நாட்டு நகரத்தில் பார்க் எக்ஸ்டென்ஷன் என்ற இடத்தில் ஒரு பேஸ்மென்ட் அறையில் இருந்தோம். இவர் என்றால் என் வீட்டுக்காரர். பெயர் சொல்லிப் பழக்கமில்லை, இனிப் பழகவும் போவதில்லை. அகதி வழக்கு முடியாமல் இழுபட்டுக்கொண்டிருந்தது. பெப்பே இத்தாலியக் கிழவர். நகரத்துக்கு வெளியே லவாலில் மனைவியோடு சின்னத் தோட்டம் செய்து, விளைவதை ஜான்-டலோன் சந்தையில் தன்னுடைய மேசையில் வைத்து விற்பவர். சந்தையில் பெட்டி இறக்கப் போன இவரைப் பிடித்துக்கொண்டு, தோட்ட வேலைக்குப் பெண்சாதியையும் கூட்டி வா என்றார். அப்போது லவாலுக்கு மெட்ரோ கிடையாது. கடைசி ஸ்டேஷனில் இறங்கி மேலே ஏறி வந்தால் வெளியே அவருடைய லொறி நிற்கும்.

பெப்பேயிடம் இவர் தன்னை ஊரில் தோட்டம் செய்த ஒரு கமக்காரன் என்று சொல்லி வைத்திருந்தார். உண்மையில் ஊரில் கூட்டுறவுச் சங்கக்கடையில் வேலை பார்த்தவர், தோட்டத்துப் பக்கம் போனதெல்லாம் இளநீர் குடிக்க. வாய்க்கால் கட்டி, மிளகாய்க்குப் பாத்தி பாத்தியாகத் தண்ணீர் மாறி வளர்ந்தவள் நான். ஆனால் என்னுடைய கெட்டித்தனமும் இங்கே வந்து இறங்கிய அன்றே பாதியாகிவிட்டது. எங்கள் செம்மண்ணில் தோட்டம் என்பது மூடுகிற சாமான் இல்லை. ஒன்று முடிய மற்றது நடுவோம். பெப்பேயோ புரட்டாதி பிறந்தவுடன், நெடுநாள் வெளியூர் போகிறவர் வீட்டைப் பூட்டுவதுபோலத் தோட்டத்தைப் பூட்டத் தொடங்கிவிடுவார்.

கரட்டைக் கிண்டி எடுத்து நிலவறையில் ஈரமணலுக்குள் அடுக்கவேண்டும். கோவா என்கிற முட்டைக்கோசை வேரோடு பிடுங்கித் தலைகீழாகக் கட்டித் தொங்கவிடவேண்டும். தண்ணீர்க் குழாய்களைத் தோளில் தூக்கித் தூக்கி வடியவிட்டுச் சுருட்டவேண்டும், இல்லாவிட்டால் உள்ளே நிற்கிற தண்ணீர் ஐஸ் ஆகிக் குழாயை வெடிக்கவைத்துவிடும். கடைசியாக, விரல் விறைக்கிற குளிரில் உள்ளி நடவேண்டும். உறையப்போகிற மண்ணில் யாராவது நடுவார்களா என்று பெப்பேயின் மனைவியிடம் சைகையால் கேட்டேன். அவள் கன்னத்தில் கையை வைத்துக் கண்ணை மூடிக் காட்டினாள். நித்திரை கொள்ளுமாம். பிறகு ஒரு கட்டு வைக்கோலை என் கையில் தந்தாள்.

வேலியோரத்தில் ஒரு துண்டு நிலத்தை எங்களுக்கென்று தந்திருந்தார் பெப்பே. அதில் மிளகாய் போட்டோம். கன்று என்னமோ செழிப்பாகத்தான் வந்தது. ஆனால் இங்கத்தைக் கோடை மிளகாயின் பொறுமைக்குக் காணாது. ஆவணி கடைசியில்தான் பூத்துக் காய்த்தது. நாலு காய் ஆய்ந்து கூடைக்குள் போடமுன்னம் ஓர் இரவு உறைபனி விழுந்தது. விடியப் போய்ப் பார்த்தால் பாத்தி முழுக்க அவித்த கீரை. நான் அங்கேயே குந்தியிருந்து அழுதேன். இவ்வளவு தூரம் வந்து ஒரு மிளகாய்க்கு அழுகிறேனே என்று பிறகு என்மேலேயே கோபம் வந்தது.

அதற்குச் சில கிழமை கழித்து பெப்பே வீட்டுக்குப் பின்னால் ஆள் நீளத்துக்குக் குழி வெட்டிக்கொண்டிருந்தார். முகம் இறுகியிருந்தது. பக்கத்தில் பழைய பாய், பலகை, கயிறு. அவருடைய மனைவியை இரண்டு நாளாகக் காணவில்லை. இந்த நாட்டில் வீட்டு வளவுக்குள்ளேயே அடக்கம் செய்கிறார்களோ என்று இவரிடம் குசுகுசுத்தேன். அந்த நேரம் பார்த்து மனுஷி குசினிக் கதவைத் திறந்துகொண்டு, தடிமனில் மூக்கைத் துடைத்தபடி கோப்பி கொண்டுவந்தாள்.

அடக்கம் நடந்தது அத்திமரத்துக்கு. தன் கிராமத்திலிருந்து தடியாகக் கொண்டுவந்து வளர்த்த மரமாம். கிளைகளைச் சேர்த்துக் கட்டி, ஒரு பக்க வேரை வெட்டி, மெல்ல மெல்லச் சரித்துக் குழிக்குள் படுக்கவைத்தார். மேலே பலகை, பாய், இலைச்சருகு, மண். சித்திரை முடிய அதைத் தோண்டி நிமிர்த்தியபோது எனக்கு நம்பிக்கை வரவில்லை. பெப்பே பெருவிரல் நகத்தால் பட்டையைச் சுரண்டிக் காட்டினார். உள்ளே பச்சை.

இவருக்கு யோசனை வந்தது அப்போதுதான். அத்தியைக் காப்பாற்றலாமென்றால் மிளகாயை ஏன் முடியாது? ஊரில் மிளகாய்க் கன்று இரண்டாம் வருடமும் நின்று காய்க்கும். வேரும் தண்டும் குளிர்காலம் தப்பினால், வாற கோடையில் நேரத்தோடு காய்த்துவிடும். கமக்காரன் என்று சொல்லித் திரிந்தவர் முதன்முதலாகக் கமக்காரன் மாதிரிக் கதைத்தார். நான் அதை அன்று அவருக்குச் சொல்லவில்லை. தலைகனம் பிடித்துவிடும்.

அந்த வருடமும் மிளகாய் நட்டோம். புரட்டாதியில், பனிக்கு முன்னம், கன்றுகளை முழங்கால் உயரத்துக்கு வெட்டி வேர்மண்ணோடு கிண்டத் தொடங்கியபோது பெப்பே வயிறு பிடித்துச் சிரித்தார். அத்தி என்பது மரம், இது புல் என்றார். இவருக்கு ரோசம். கடைசியில் இரண்டு பேரும் ஒரு பேச்சுக்கு வந்தார்கள். கன்றுகள் தப்பி ஆடிக்கு முன்னம் காய்த்தால் சந்தையில் அவருடைய மேசையில் ஒரு முனை எங்களுக்கு. தப்பாவிட்டால் அந்தத் துண்டில் இனித் தக்காளி. எனக்கு அந்த மேசை முனை வேண்டும். வந்த நாள் முதல் கவுண்டர்களுக்கு முன்னால் வரிசையில் நின்றே பழகிவிட்டது. ஒருநாளாவது மேசைக்கு அந்தப் பக்கம் நிற்கவேண்டும் என்று மனம் கிடந்து துடித்தது. ஆனாலும் அன்றிரவு கேட்டேன்.

"கேஸே முடியேல்லை. வாற வருசம் இஞ்ச இருப்பமோ எண்டே தெரியாது. ஆருக்கு இந்த மிளகாய்க் கண்டு?"

இவர் வாளி கழுவிக்கொண்டிருந்தார். நிமிரவில்லை. "நாங்கள் இல்லாட்டி இருக்கிற ஆக்கள் ஆயட்டும். கண்டுக்குக் கேஸ் இல்லைத்தானே" என்றார்.

வாளிகள் டவுன்டவுன் ரெஸ்டோரண்டுகளில் கோப்பை கழுவிய எங்கள் ஊர் இளம் பெடியள் கொண்டுவந்தவை. ஊறுகாய் வந்த பெரிய வெள்ளை வாளிகள். எவ்வளவு தேய்த்தாலும் புளிநாற்றம் போகாது. லொறி முழுக்கக் கோவா என்பதால் கன்றுகள் பஸ்ஸில் கடைசி ஸ்டேஷனுக்கு வந்து மெட்ரோவில்தான் வீடு வந்தன. பெடியள் லீவு நாளில் வந்து, ஆளுக்கு இரண்டு வாளியாகத் தூக்கிக்கொண்டு திரும்பத் திரும்பப் போய் வந்தார்கள். ஒரு வெள்ளைக்கார மனுஷி தள்ளியிருந்து கன்றுக்கு இடம் விட்டாள். நான் மெர்சி என்று நன்றி சொன்னேன், கன்றின் சார்பில்.

எங்கள் பேஸ்மென்ட் ஜன்னலில் வெளிச்சம் வந்தால் அது கார் லைட்தான். அதனால் கன்றுகளைத் தெரிந்த வீடுகளுக்கெல்லாம் பிரித்துக் கொடுத்தோம். மேல்மாடியில் இருந்த மட்டக்களப்பு மேரி அக்கா மாதா படத்துக்குக் கீழே வைத்து, பூச்சி பிடித்தபோது சவர்க்காரத் தண்ணீரால் இலை இலையாகத் துடைத்தார். தயா என்ற பெடியன் இருந்த அறையில் ஆறு பேர் முறை வைத்துப் படுத்தார்கள். கன்றுக்கு மட்டும் ஜன்னலடியில் நிரந்தர இடம். அந்தக் குளிர்காலம் எந்த வீட்டுக்குப் போனாலும் முதலில் கன்றைப் பார்த்துவிட்டுத்தான் ஆட்களைச் சுகம் விசாரிப்பேன்.

வைகாசியில் எல்லாம் லவாலுக்குத் திரும்பின. உண்மையைச் சொன்னால் பார்க்கச் சகிக்கவில்லை. பாதிக்கு மேல் இலையில்லாத குச்சிகள். தயா தன்னுடையதை ஜாக்கெட்டுக்குள் மறைத்துக் கொண்டுவந்தான். "அக்கா, குப்பையில போடத்தான் நினைச்சனான். பேந்து மனம் வரேல்லை" என்றான். பெப்பே வந்தார். சிரிக்கப்போகிறார் என்று நான் நிலத்தைப் பார்த்துக்கொண்டு நின்றேன். அவர் தயாவின் குச்சியை வாங்கி, பெருவிரல் நகத்தால் சுரண்டினார். பிறகு அடுத்ததைச் சுரண்டினார், அதற்கடுத்ததையும். எல்லாம் பச்சை. போய் மண்வெட்டியை எடுத்துவந்து, எங்கள் பாத்தியில் முதல் குழியை அவரே வெட்டினார்.

ஆனி முடியமுன்னமே காய்த்துவிட்டது. ஜான்-டலோன் சந்தையில் பெப்பேயின் தக்காளிக்குப் பக்கத்தில், மேசையின் முனையில், பச்சை மிளகாயைக் குவித்து வைத்துக்கொண்டு நான் நின்றேன். மேரி அக்கா வந்து ஒன்றைக் கையில் எடுத்து, "இது என்ர ஜன்னலில நிண்டது" என்று பக்கத்தில் நின்ற ஆட்களுக்கெல்லாம் காட்டினார். வழக்கு அதற்கும் பிறகுதான் நல்லபடியாக முடிந்தது. ஆனால் இந்த நாட்டில் நான் நிமிர்ந்து நின்ற நாள் எது என்று கேட்டால் அந்த நாளைத்தான் சொல்வேன்.

இப்போது மெட்ரோ லவாலுக்கே போகிறது. தோட்டம் இருந்த இடத்தில் வரிசையாக வீடுகள். பெப்பேயும் மனைவியும் போய்விட்டார்கள். பச்சை மிளகாய் மார்கழியிலும் கடையில் கிடைக்கிறது. நாங்கள் டொலார்ட் என்ற புறநகரில் வீடு வாங்கி வந்துவிட்டோம். தயாவுக்கு எங்களுடையதைவிடப் பெரிய வீடு, நாலு பக்கமும் ஜன்னல். ஆனால் போன் எடுத்துக் கேட்காமல் அவன் வாசலுக்குக்கூட இப்போது போக முடியாது. அந்தப் புரட்டாதியில் கையில் ஒரு ஊறுகாய் வாளியோடு எத்தனையோ கதவைத் தட்டினோம். ஒரு வீட்டிலாவது ஏன் என்று கேட்கவில்லை. எந்த ஜன்னலில் வைப்பது என்றுதான் கேட்டார்கள்.