மடக்க விடாத பாய்

மரகதம் டீச்சரைக் கொன்றது காற்று அல்ல. காற்று பலக்கும்போது பாய்மரப் படகின் பாயை மடக்கிச் சிறிதாக்கிக் கட்ட வேண்டும். அப்படிக் கட்ட டீச்சரை விடவில்லை. மடக்கினால் பாயில் அச்சடித்திருந்த விழாக் குழுத் தலைவரின் முகம் மடங்கிப் போகும் என்றார்கள். ஒரு முகம் மடங்கக் கூடாது என்பதற்காக ஓர் உயிரை எடுத்தார்கள். இதை எழுதிவிட்டுத்தான் மற்றதை எழுதுவேன்.

செய்தி என்னை வந்தடைந்த இடம் காவல் நிலையம். அன்று காலை இலத்தூர் குளக்கரையில் விழாக் குழுச் செயலாளரின் மூக்கை உடைத்ததற்காக என்னைப் பெஞ்சில் உட்கார வைத்திருந்தார்கள். டீச்சரைத் தென்காசிக்கு ஆஸ்பத்திரி வண்டியில் கொண்டு போயிருந்தார்கள். மத்தியானம் ஏட்டு ஒருவர் டீயைக் கொண்டுவந்து வைத்தார். வைத்தவர் போகாமல் நின்றார்.

"குடிங்க பெரியவரே."

"டீச்சர் எப்படி இருக்காவ?"

"மொதல்ல குடிங்க."

"சொல்லும் ஐயா."

"போயிட்டாவ. தலையில பலமான அடி. தண்ணியும் குடிச்சிருக்காவ." பிறகு தொப்பியைக் கழற்றி மேசையில் வைத்துவிட்டு, "எம் மகளுக்கு ஓடக் கத்துக் கொடுத்தது அவியதான்" என்றார்.

சாயங்காலம் எழுதி வாங்கிக்கொண்டு என்னை விட்டார்கள். அதற்குள் குழுவினர் இரங்கல் பேனர் கட்டிவிட்டார்கள். அதிலும் தலைவரின் முகம் டீச்சரின் முகத்தைவிடப் பெரிது. 'படகைக் கட்டுப்படுத்த இயலாமல் அகால மரணமடைந்த' என்று கீழே ஒரு வரி. அந்த வரியைத்தான் என்னால் பொறுக்க முடியவில்லை. பலத்த காற்றில் ஒரு சின்னப் படகை எப்படிக் கட்டுப்படுத்துவது என்று இந்த வட்டாரத்திலேயே தெரிந்தவர் அவர் ஒருவர்தான். ஓட்டத் தெரியாமல் செத்தார் என்ற பேச்சு அவர் பெயரில் ஒட்டக் கூடாது. அவரை அறிந்தவர்களுக்கும் அறியாதவர்களுக்கும் அதற்காகவே இதை எழுதுகிறேன்.

டீச்சர் இலத்தூரில் பிறந்தவர். தென்காசியில் ஒரு பெண்கள் பள்ளியில் விளையாட்டு ஆசிரியை. நான் அவரை முதலில் பார்த்தது குற்றாலத்தில். சீசன் நேரம், அருவிக்கரைக் கைப்பிடிக் கம்பி ஒன்றைப் பற்றவைக்கப் போயிருந்தேன். பெண்கள் வரிசைக்குள் குடித்துவிட்டு ஒருவன் இடித்துக்கொண்டு நுழைந்தான். கூட்டம் முணுமுணுத்தது. நனைந்த சேலையோடு ஓர் அம்மாள் வரிசையிலிருந்து வெளியே வந்து, அவன் கையைப் பின்னால் முறுக்கி, என் வெல்டிங் வண்டியின் மேல் சாய்த்தார்.

"ஏலே, இங்கன நிக்கியா, இல்ல ஒன்னயக் கம்பியோட சேத்துப் பத்தவைக்கச் சொல்லவா? அண்ணாச்சி, மெசின் ஓடுதுல்லா?"

"ஓடுது" என்றேன். அவன் ஓடிவிட்டான். எங்கள் பழக்கம் அப்படித் தொடங்கியது.

கல்லூரி நாட்களில் தூத்துக்குடியில், மாணவர் படையின் கடற்பிரிவில் பாய்மரப் படகு பழகியவர் அவர். ஓய்வு பெற்ற வருஷம், கழித்துப் போட்ட பைபர் படகு ஒன்றை லாரியில் ஏற்றிக்கொண்டு என் பட்டறை வாசலில் வந்து இறங்கினார். நான் எட்டாம் வகுப்போடு நின்றவன். மோட்டாரும் பம்பும் வெல்டிங்கும் நானே பிரித்துப் பார்த்துக் கற்றவை. படகையும் அப்படியே கற்றேன்.

எங்கள் காற்றைப் பற்றிச் சொல்ல வேண்டும். ஆனியிலும் ஆடியிலும் கணவாய் வழியாக வருகிற காற்று சீராக வீசாது. பதுங்கும், பிறகு அறையும். முதல் நாள் குளத்தின் நடுவில் அது அறைந்தபோது படகு ஒரு பக்கம் சாய்ந்தது. சாய்ந்த வேகத்தில் காற்றைப் பார்த்து மூக்கைத் திருப்பிக்கொண்டு பாய்ந்தது. டீச்சர் சுக்கான் பிடியை இரண்டு கையாலும் மார்போடு இழுத்தார். படகு கேட்கவில்லை. பாயின் அடிக்கட்டை சுழன்று வந்து என் வாயில் அடித்தது. ஒரு பல்லைக் குளத்தில் துப்பினேன்.

சுக்கான் சிறியது, அதனால்தான் கேட்கவில்லை என்று நான் முடிவு கட்டினேன். அவர் ஒப்பவில்லை.

"சுக்கானப் பெருசாக்கிட்டா காத்து பயந்துருமா அண்ணாச்சி? காத்தக் குறைக்க முடியாது. அதுக்கு நாம காட்டுத துணியக் குறைக்கலாம்லா."

"துணியக் குறைச்சா வேகம் போயிரும்."

"போகட்டும். நாம என்ன துபாய்க்கா போறோம்?"

நான் கேட்காமல் பெரிய சுக்கான் செய்து மாட்டினேன். பாயை முழுதாக விரித்து ஓட்டிப் பார்த்தோம். காற்று அறைந்தபோது பிடி முறிந்து, முறிந்த முனை அவர் மணிக்கட்டில் இறங்கியது. எலும்பு விரிசல் விட்டுவிட்டது. கரையில் முகம் வெளுத்துப்போய் உட்கார்ந்திருந்தவர், "ஒங்க சுக்கான் நல்லாத்தான் திருப்புது அண்ணாச்சி. படகத் திருப்பல, எங் கையத் திருப்பிட்டு" என்றார்.

மாவுக்கட்டோடு கரையில் நின்றே அடுத்த வேலையைச் செய்ய வைத்தார். தையல்காரரிடம் கொடுத்துப் பாயின் கீழ்ப்பாகத்தில் வரிசையாக நாடாக்கள் வைத்தோம். காற்று பலத்தால் பாயை இறக்கி, அடிப்பாகத்தை மடக்கி, நாடாவால் கட்டிவிடலாம். குளத்துக்குள் கிடக்கும் கருவேலங்கட்டையில் இடித்தால் எழும்பும்படி நான் வைத்திருந்த சுக்கான் பலகை ஓட்டத்தில் தானாகவே பின்னுக்கு எழும்பிக்கொண்டிருந்தது. அது கொஞ்சம் எழும்பினாலே பிடி கல்லாகக் கனக்கும். அதை நேராக நிறுத்த ஒரு முளை அடிக்கச் சொன்னார். காற்று வருகிற பக்கத்து விளிம்பில் உட்கார்ந்து உடம்பை வெளியே சாய்க்க வேண்டும். நீரைக் கீறி நிற்கும் நடுப்பலகையைச் சற்று மேலே தூக்க வேண்டும். அறை விழுந்தால் முதலில் பாய்க்கயிற்றை விட வேண்டும்.

"சாஞ்ச படகுல சுக்கான் தண்ணியில இருக்காது, காத்துல இருக்கும். காத்துல கெடக்கத வச்சு என்னத்தத் திருப்புவிய? மொதல்ல நிமுத்துங்க, அப்புறம் திருப்புங்க."

அடுத்த ஆடியில், மதகுச் சுவரில் அலை ஏறி அடித்த ஒரு நாளில், மடக்கிய பாயோடு குளத்தைக் குறுக்கே கடந்தோம். அவர் சுக்கான் பிடியில் வைத்திருந்தது இரண்டு விரல். பெரிய சுக்கானும் தேவை என்றுதான் நான் இன்றும் சொல்வேன். அவரும் அதைக் கடைசிவரை கழற்றவில்லை.

இந்த வருஷம் விடுதிக்காரர்களும் கடைக்காரர்களும் சிலர் சேர்ந்து குளத்தில் காற்று விழா என்று ஒன்று தொடங்கினார்கள். படகைக் கேட்டார்கள். மாணவிகள் படகு பழகக் கரையில் ஒரு கொட்டகை போட்டுத் தருவதாகத் தலைவர் சொன்னதால் டீச்சர் சம்மதித்தார். அன்று காலை நாங்கள் போனபோது எங்கள் துணிப்பாய் இல்லை. அதன் இடத்தில் ஒரு பிளக்ஸ். பாய்மரத்தோடு கட்டுக்கம்பி போட்டு முறுக்கியிருந்தார்கள், இறக்க முடியாது. தெருவில் பேனர் கட்டுகிறவர்கள்கூடக் காற்றுப் போக அங்கங்கே அரைவட்டமாகக் கீறிவிடுவார்கள். தலைவர் முகத்தில் ஓட்டை ஆகாது என்று இதில் அதையும் செய்யவில்லை.

டீச்சர் செயலாளரைக் கூப்பிட்டார். "எங்க பாய் எங்க?"

"வேன்ல பத்திரமா இருக்கு டீச்சர். சாவி தலைவருகிட்ட."

"மேக்க பாரும். காத்து வருது. இதக் கழத்தணும், இல்ல மடக்கணும்."

"தலைவரு மூஞ்சிய மடக்கச் சொல்லுதியளா?"

"அப்பம் கீழ இருக்கதையாவது மடக்குதேன்."

"கீழ நிர்வாகியள்லாம் இருக்காவ."

"ஒம்ம மூஞ்சி எங்கன இருக்கு?"

"மூணாவது."

"அதோட நிறுத்திக்கிடுதேன், கட்ட அவுரும்."

சுற்றி நின்றவர்கள் சிரித்தார்கள். அவர் அவிழ்க்கவில்லை. தலைவர் வீட்டுப் பிள்ளைகளைப் படகில் ஏற்றினார்கள். டீச்சர் அவர்களைக் கையைப் பிடித்து இறக்கினார். நீங்கள் ஓட்டாவிட்டால் பெடல் படகுக்காரரை வைத்து ஓட்டிக்கொள்வோம், பிள்ளைகள் போய்த்தான் ஆவார்கள் என்றார் செயலாளர். நான் கட்டிங் பிளேயரோடு பாய்மரத்தை நெருங்கினேன். இரண்டு பேர் என் கையைப் பின்னால் இழுத்துப் பிடித்தார்கள்.

டீச்சர் என்னிடம், "இத இங்கன விட்டா பிள்ளையள ஏத்திருவாவ. நான் தனியா அக்கரைக்குக் கொண்டு போய் இந்தச் சீலைய அறுத்து எறிஞ்சிட்டு வாரேன்" என்று சொல்லிவிட்டுத் தள்ளிக்கொண்டு போனார்.

பாதிக் குளத்தில் அறை விழுந்தது. அவர் என்ன செய்தார் என்பதை நான் பார்த்தேன், எழுதுகிறேன். கயிற்றை உடனே விட்டார். விளிம்பில் ஏறி உடம்பு முழுதையும் வெளியே சாய்த்தார். ஒரு கையால் நடுப்பலகையைத் தூக்கினார். கற்ற எல்லாவற்றையும் வரிசையாகச் செய்தார். கம்பியில் முறுக்கிய பிளக்ஸ் விட்ட கயிற்றுக்குத் திரும்பவில்லை, தகரம்போல விறைத்து நின்றது. படகு சாய்ந்து சாய்ந்து, சுக்கான் பலகை முழுதும் நீரைவிட்டு வெளியே வந்து நுரை சொட்ட நின்றது. பிடியில் அவர் கை இருந்தது. அந்தக் கைக்கு எதிரே தண்ணீர் இல்லை. பாய்மரம் முறிந்து, அடிக்கட்டை அவர் தலையில் விழுந்தது. பிளக்ஸ் அவரை மூடியது.

கரையில் கைதட்டினார்கள். சாகசம் என்று மைக்கில் சொன்னார்கள். மீன் பிடிக்கிறவர்கள் காற்றடைத்த லாரி டியூபில் பாய்ந்து போனார்கள். என்னைப் பிடித்திருந்தவர்களை உதறிவிட்டு நானும் கழுத்தளவு தண்ணீரில் நின்று இழுத்தேன். டீச்சரைக் கரையில் கிடத்தியபோது மூக்கிலிருந்து ரத்தம் வந்துகொண்டிருந்தது. செயலாளர் ஓடிவந்து, "பேனரு கிழிஞ்சிட்டா பாருங்க" என்றார். அப்போதுதான் அடித்தேன். அதற்கு மன்னிப்புக் கேட்க மாட்டேன். வழக்கு நடக்கட்டும்.

டீச்சர், உங்களை நேற்று இலத்தூரில் எரித்தோம். சாரல் விழுந்துகொண்டே இருந்தது. விறகு பிடிக்காமல் புகைந்தது. பிறகு மேற்கிலிருந்து காற்று வந்து ஒரே வீச்சில் பற்றவைத்தது. போய் வாருங்கள். இங்கே மீதி இருக்கிற வேலையை நான் சொல்லிவிடுகிறேன்.

காவல் நிலையம் அந்தப் பிளக்ஸையும் கம்பியையும் பத்திரமாக வைக்க வேண்டும். ஓட்டியவரின் கவனக்குறைவு என்று எழுதக் கூடாது. செல்போனில் படம் எடுத்தவர்கள் அதை அழிக்காமல் கொண்டுபோய்க் கொடுக்க வேண்டும். டீச்சரின் கைகள் என்ன செய்தன என்பது அதில் இருக்கிறது. குழு அந்த இரங்கல் பேனரை அவிழ்க்க வேண்டும். கொட்டகையைப் போட்டுக் கொடுக்க வேண்டும். பள்ளிக்கூடம் படகை எடுத்துக்கொள்ள வேண்டும். நாடா வைத்த பாய் இல்லாமல் அதில் ஒருவரையும் ஏற்றக் கூடாது. முறிந்த பாய்மரத்தை நான் செய்து தருவேன். செயலாளர் அதே மைக்கில், டீச்சர் மடக்கக் கேட்டார், நாங்கள் விடவில்லை என்று சொல்ல வேண்டும். தலைவர் குளக்கரைக்கு வர வேண்டும். அந்தப் பிளக்ஸைத் தரையில் விரித்து, மாணவிகள் பார்க்க, தன் முகத்தைத் தன் கையாலேயே மடக்க வேண்டும்.