ஐந்தரை மணிப் பாட்டு

இதை எழுதலாம் என்று உட்காருவதும், பெற்ற பிள்ளையைப் பற்றி ஊரறிய எழுதுவது தகப்பனுக்கு அழகா என்று எழுந்து போய்விடுவதுமாகச் சில வருடங்கள் ஓடிவிட்டன. எட்டாம் வகுப்போடு நின்றவன் நான். அழகாக எழுதத் தெரியாது. நடந்ததை நடந்தபடி எழுத மதுரகாளியம்மன் துணையிருக்கட்டும்.

எங்கள் ஊர் அரும்பாவூர் பக்கம். சின்ன வெங்காயமும் மக்காச்சோளமும் போடுகிற குடும்பம். எங்கள் வீட்டுக் கூடத்தில் இரண்டு பெரிய ஸ்பீக்கர் பெட்டிகள் உண்டு. கல்யாணமான புதிதில் பெரம்பலூரில் சவுண்டு சர்வீஸ் வைத்திருந்த ஒருவரிடம் சொல்லி, பலகை அறுத்துச் செய்து வாங்கியவை. சாமி பாட்டைத் தவிர வேறெதையும் அதில் போட்டதில்லை. டேப் கெட்டு, கேசட்டுகளில் பூசணம் பிடித்த பிறகு பெட்டிகள் ஊமையாகிவிட்டன. என் மனைவி அவற்றின் மேல் துணி விரித்து மாத்திரை டப்பாவும் சீப்பும் வைத்துக்கொண்டாள்.

எங்களுக்கு ஒரே மகன். சிங்கப்பூரில் வேலை. ஒரு முறை லீவில் வந்தபோது சோப்பு டப்பா அளவில் கறுப்பாக ஒன்றைக் கொண்டுவந்தான். வீட்டுக்கு நெட் போட்டான். அந்த டப்பாவிலிருந்து பழைய ஆம்ப்ளிஃபயருக்கு வயர் செருகினான். பிறகு தன் போனைத் தொட்டான். பெட்டிகள் இரண்டும் பாடின. என் மனைவி கன்னத்தில் போட்டுக்கொண்டாள்.

"கேசட்டும் வேணாம், ஒண்ணும் வேணாம்மா. ஆம்ப்ளிஃபயர மட்டும் ஆஃப் பண்ணிடாத. காலையில பாட்டு நான் அங்கேருந்தே போட்டுவுடுறேன்" என்றான்.

"சிங்கப்பூர்லேர்ந்தா?"

"நெலாவுலேர்ந்துகூடப் போடலாம்மா."

"அங்கெல்லாம் போவாத. நீ சிங்கப்பூர்லேர்ந்தே போடு, போதும்."

அவன் விமானம் ஏறிய மறுநாளே ஐந்தரை மணிக்குப் பிள்ளையார் பாட்டு வந்தது. அன்றிலிருந்து ஒரு நாளும் தவறவில்லை. திங்களும் வெள்ளியும் அம்மன் பாட்டு, செவ்வாய் முருகன், சனிக்கிழமை பெருமாள், மற்ற நாட்களில் பிள்ளையார். சிறுவாச்சூரில் அம்மன் நடை திறக்கிற நாட்கள் திங்களும் வெள்ளியும்தான். "எம்புள்ளைக்கு அதெல்லாம் ஞாபகம் இருக்கு பாருங்க" என்று அவள் உருகிப்போனாள். இங்கே ஐந்தரை என்றால் அங்கே எட்டு மணி என்று யாரிடமோ கேட்டு வைத்திருந்தாள். வேலைக்குக் கிளம்புகிற அவசரத்திலும் அம்மாவுக்குப் பாட்டுப் போட்டுவிட்டுத்தான் பிள்ளை செருப்பு மாட்டுகிறான் என்பது அவள் கணக்கு.

பாட்டு வந்தால் பெட்டியின் முன்னால் போய் நிற்பாள். "கெளம்பிட்டியா சாமி? சாப்புட்டியா? வெங்காயத்துல இந்த வருசம் அழுகல் சாஸ்திடா" என்பாள்.

"ஏய், அதுல மைக் கெடையாது. அவனுக்குக் கேக்காது" என்று சிரிப்பேன்.

"எனக்குத் தெரியாதாக்கும்? நீங்க மட்டும் மாட்டுக்குப் பாடம் நடத்தலையா? போங்க அந்தாண்ட."

போனில் அவன் பேசுவது குறைந்துகொண்டே வந்தது. வாரம் ஒரு முறை என்றிருந்தது மாதம் ஒரு முறையானது. நான் குறைப்பட்டால் அவள் விடமாட்டாள். "தெனம் காலையில என்னை நெனைக்கிறான். அதுக்கு மேல என்ன வேணும்?" ஒரு கிருத்திகை புதன்கிழமையில் வந்தது. அன்று முருகன் பாட்டு வரவில்லை. அதற்கும் அவளே சமாதானம் சொல்லிக்கொண்டாள்: "அலுப்பா இருந்திருக்கும், பாவம்."

பிறகு அவன் ஊருக்கு வந்தது எங்களுக்காக இல்லை, பெரம்பலூரில் கூடப் படித்தவனின் கல்யாணத்துக்கு. இருந்தாலும் அவளுக்குக் கால் தரையில் பாவவில்லை. முதல் நாள் சாப்பாடு போடும்போதே சொன்னாள்: "நாளைக்கு எழுந்து பாட்டுப் போடணும்னு அவதிப்படாதடா. நல்லாத் தூங்கு. ஒரு நாள் நான் வாயாலயே பாடிக்கிறேன்."

அவன் போனைப் பார்த்தபடி "சரிம்மா" என்றான்.

காலையில் அவள் விளக்கேற்றத் தீப்பெட்டி எடுத்தாள். அவன் கூடத்துக் கட்டிலில் தூங்கிக்கொண்டிருந்தான். போன் ஜன்னலில் சார்ஜில் கிடந்தது. ஐந்தரைக்குப் பிள்ளையார் பாட்டு ஆரம்பித்தது. அவள் பெட்டியைப் பார்த்தாள். கட்டிலைப் பார்த்தாள். அவன் புரண்டு படுத்து, தலையணையைக் காதுமேல் வைத்து அழுத்திக்கொண்டு கத்தினான்.

"அம்மா, அத நிறுத்தும்மா! தூங்க வுடு!"

"நீ போடலையாடா?"

"நான் எங்க போட்டேன்? அது டைம் வச்சது. தானாப் பாடும்."

"எப்பலேர்ந்துடா?" என்று கேட்டபடி குச்சியைக் கிழித்தாள்.

"மொதல்லேர்ந்தேதான். தெனம் எவன் எழுந்து போட்டுக்கிட்டிருப்பான்?"

கையில் பிடித்திருந்த தீக்குச்சி அவள் விரலைச் சுட்டபிறகுதான் கீழே விழுந்தது. நான் போய் ஆம்ப்ளிஃபயரை அணைத்தேன். அவள் வேறு குச்சி கிழித்து விளக்கேற்றினாள். பாடுகிறேன் என்று சொன்னவள் பாடவில்லை.

அவன் கெட்ட எண்ணத்தில் செய்தான் என்று நான் சொல்லமாட்டேன். ஆனால் கல்யாண வீட்டில் பந்தியில் உட்கார்ந்து, "எங்கம்மா இத்தன நாளா நானே ஒவ்வொரு நாளும் போடுறேன்னு நெனச்சிருக்குடா" என்று சிநேகிதர்களிடம் சொல்லிச் சிரித்தான். அவர்களும் சிரித்தார்கள். அடுத்த இலையில் நான் இருந்தேன்.

அவன் திரும்பிப் போனதும் அவள் டப்பாவின் கரண்டு வயரைப் பிடுங்கிவிட்டாள். இரண்டாம் நாளே போன் வந்தது. அவனாகக் கூப்பிட்டு எத்தனை நாளாகிவிட்டது! "புள்ள கூப்புடுறான்" என்று ஈரக்கையோடு ஓடிவந்து எடுத்தாள்.

"என்னம்மா, டப்பா ஆஃப்லைன்னு காட்டுது? வயர கியர புடுங்கிட்டியா? செருகி வுடு. வேல இருக்கு, வச்சிடுறேன்."

"சரிப்பா" என்றாள். செருகியும் விட்டாள், ஆம்ப்ளிஃபயரையும் போட்டுவிட்டாள். மறுநாளிலிருந்து பாட்டு வந்தது. அவள் மட்டும் பாட்டு ஆரம்பிப்பதற்குள் விளக்கேற்றிவிட்டு மாட்டுக்கொட்டகைக்குப் போய்விடுவாள். பாட்டு முடிந்த பிறகே வீட்டுக்குள் வருவாள். பெட்டியோடு அவள் அதற்கப்புறம் ஒரு வார்த்தை பேசி நான் கேட்கவில்லை.

அடுத்த வருடம் ஒரு சாயங்காலம் நெஞ்சைப் பிடித்துக்கொண்டு சாய்ந்தாள். பெரம்பலூர் ஆஸ்பத்திரி போய்ச் சேரும்முன் உயிர் போய்விட்டது. கூடத்தில்தான் கிடத்தினோம். மகன் அடித்துப் பிடித்து விமானம் ஏறினான். விடிகிற நேரம், சுற்றி உட்கார்ந்து பெண்கள் அழுதுகொண்டிருக்கும்போது அந்தப் பெட்டிகள் பாட ஆரம்பித்தன. வெள்ளிக்கிழமை, அம்மன் பாட்டு. அணைக்க எழுந்தேன். தா.பழூரில் வாழ்க்கைப்பட்ட என் கொழுந்தியா என் கையைப் பிடித்துவிட்டாள்.

"பாடட்டும் மாமா! அங்கேருந்து புள்ள ஆத்தாளுக்குக் கடைசிப் பாட்டு போடுறான். எக்கா, கேட்டியாக்கா!"

கூடமே ஓவென்று அழுதது. அவன் அப்போது போனை அணைத்துவிட்டு வானத்தில் இருந்தான்.

காரியத்தன்று கொழுந்தியா அதையே அவனிடம் சொல்லி அழுதாள். அவன் தலையைக் குனிந்துகொண்டு, "ஆமா சித்தி, ஒரு நாள்கூட வுட்டதில்ல" என்றான். சாவு வீட்டில் பிள்ளையின் மானத்தை வாங்கலாமா? மதுரகாளியம்மா, தாயே, அன்று நான் விழுங்கிய விஷம் உனக்குத் தெரியும்.

இப்போது அந்தக் கதை ஜெயங்கொண்டம் வரைக்கும் போய்விட்டது. வெளிநாட்டிலிருக்கும் பிள்ளைகளுக்குப் புத்தி சொல்ல, "கடல் தாண்டியும் தெனம் ஆத்தாளுக்குப் பாட்டு போட்ட புள்ள" என்று என் மகனைத்தான் காட்டுகிறார்கள். போன மாதம் பஸ்ஸில் என் பக்கத்தில் உட்கார்ந்தவர், நான் யாரென்று தெரியாமலே என்னிடம் அதைச் சொன்னார். கேட்டுக்கொண்டு இறங்கினேன். வீட்டுக்கு வந்துதான் இதை எழுத ஆரம்பித்தேன்.

அந்தக் கதையை யாராவது உங்களிடம் சொன்னால் இதைச் சொல்லுங்கள். என் மகனைக் கொடியவனாக்க வேண்டாம், நல்லவனாக்கவும் வேண்டாம். என் மனைவியை ஏமாளி என்று சிரிக்காதீர்கள். அவள் பெட்டியின் முன்னால் நின்றதையும் சொல்லுங்கள், கொட்டகைக்குப் போனதையும் சொல்லுங்கள். நான் எழுதியிருப்பதில் உங்கள் பங்காக எதையும் சேர்க்காமல், மனசு கேட்கவில்லையென்று எதையும் விடாமல், அப்படியே சொல்லுங்கள்.