முன் ஹோலில் வைத்துக் குடித்த விஸ்கி

என் கணவர் இருபத்திரண்டு வருடம் குடித்தார். ஒரு நாளும் என் முன்னால் குடித்ததில்லை. எங்கள் தேவாலயச் சபையில் குடிக்கிற ஆண்கள் எல்லோரும் அதைத்தான் மரியாதை என்று நினைத்திருந்தார்கள். கிணற்றடிக்கு அப்பால் இருந்த சாமான் அறைக்குள் போய்க் குடித்துவிட்டு, ஏலக்காயை மென்றுகொண்டு வருவார். ஈரல் பழுதாகி அவர் இறந்தபோது, செத்தவீட்டுக்கு வந்த பெண்கள் என் கையைப் பிடித்து, "நல்ல மனிசன், ஆருக்கும் ஒரு கரைச்சலும் குடுக்கல்ல" என்றார்கள்.

கல்முனையில் இரசாயனம் படிப்பித்து ஓய்வுபெற்றவள் நான். மதுசாரத்தின் சூத்திரத்தைக் கரும்பலகையில் எத்தனையோ தரம் எழுதியிருக்கிறேன். அது எத்தனை பாகையில் கொதிக்கும் என்று நித்திரையில் கேட்டாலும் சொல்வேன். ஆனால் ஒரு மிடறும் குடித்துப் பார்த்ததில்லை. இன்னொருவருடைய மூச்சிலும் வியர்வையிலும் தலையணை உறையிலும்தான் அதை அறிந்திருந்தேன்.

அவர் போனபின் வந்த மூன்றாவது நத்தாருக்கு, கிறிஸ்து பிறந்த நாளுக்கு, லண்டனில் இருந்து என் தம்பி வந்தான். காலை ஆராதனை முடிந்து வீட்டுக்கு வந்ததும், விமான நிலையத்தில் வாங்கிய போத்தல் ஒன்றை மேசையில் வைத்தான். அவனைப் பார்க்கவென்று என் கணவரின் அண்ணனும் கூடவே வந்திருந்தார். நான் அவரை அத்தான் என்பேன். சபையின் பொறுப்பாளர்களில் அவரும் ஒருவர். போத்தலைக் கண்டதும் அவர் குரலைத் தாழ்த்தினார்.

"தம்பி, இத பின்னுக்குக் கொண்டுபோவம். ஹோலுக்குள்ள வேணாம், ஆக்கள் வந்துபோற நேரம்." பிறகு என் பக்கம் திரும்பி, "கொஞ்சம் இறால் பொரிச்சுத் தாங்க புள்ள" என்றார்.

பின்னுக்கு என்றால் அந்தச் சாமான் அறைதான். நான் இறாலைப் பொரித்தேன். தட்டைக் கொண்டுவந்து முன் ஹோல் மேசையிலேயே வைத்தேன். ஒரு கதிரையை இழுத்து நானும் உட்கார்ந்தேன்.

"அந்த அறை பூட்டிக் கிடக்கு. இங்கயே இருந்து குடியுங்க. தம்பி, எனக்கும் ஒரு கிளாஸ் ஊத்து."

தம்பி சிரித்தான். என் முகத்தைப் பார்த்துவிட்டுச் சிரிப்பை நிறுத்தினான். "உண்மையாவா அக்கா?"

"ஓம்."

"கோலா கலந்து தரட்டா? சும்மா குடிச்சா எரியும்."

"எரிஞ்சா எரியட்டும். ஒண்டும் கலக்காத."

அத்தானின் முகம் கறுத்துவிட்டது. "உங்கட புருசன் இதாலதான் செத்தவர். அத மறந்திட்டீங்களா?"

"மறக்கல்ல அத்தான். என்னத்தால செத்தவர் எண்டு பாக்கத்தான் கேக்கிறன்."

அந்தக் கேள்வியை என்னிடம் கேட்டபோதே, தம்பி ஊற்றிக்கொடுத்த விஸ்கி அவர் கையில்தான் இருந்தது.

தம்பி போத்தலில் ஒட்டியிருந்ததை வாசித்து விளக்கினான். ஸ்கொட்லாந்தில் ஒரே வடிசாலையில், முளைக்கவைத்த பார்லியில் இருந்து மட்டும் வடித்த விஸ்கி அது. பல வருடம் சாதாரண ஓக் பீப்பாயில் கிடந்துவிட்டு, கடைசிக் காலத்தைப் போர்ட் வைன் இருந்த பீப்பாயில் கழித்ததாம். போர்ட் என்பது போர்த்துக்கல் நாட்டு இனிப்பு வைன். அது புளித்துக்கொண்டிருக்கும்போதே உள்ளே ஸ்பிரிட்டை ஊற்றி வீரியத்தைக் கூட்டிவிடுவார்கள். பலகை குடித்து வைத்திருந்த அந்த வைனை, பிறகு வந்து படுக்கிற விஸ்கி கரைத்து எடுத்துக்கொள்ளும். அவன் சொல்லி முடிப்பதற்குள் எனக்கு விளங்கிவிட்டது. நான் படிப்பித்த பாடம்தானே.

கிளாஸை ஜன்னல் வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தேன். பால் விடாத பிளேன்டீயில் கொஞ்சம் சிவப்போடிய நிறம். ஆய்வுகூடத்தில் பிள்ளைகளுக்குச் சொல்லிக்கொடுத்தபடியே, மூக்கை உள்ளே விடாமல் கையால் விசிறி மணந்தேன். முதலில் ஸ்பிரிட் சுள்ளென்று ஏறியது. எனக்குத் தெரிந்த மணம். கிளாஸை மேசையில் வைத்துவிட்டுக் கொஞ்ச நேரம் பொறுத்திருந்தேன். இரண்டாம் தரம் மணந்தபோது வேறொன்று வந்தது. நத்தார் கேக்குக்காகப் பிராந்தியில் ஊறப்போட்ட பிளம்ஸ் போத்தலைத் திறந்தால் வருமே, அந்த மணம். அதற்குப் பின்னால் தோடம்பழத் தோலின் புளிப்பு, கராம்பின் காரம், கித்துள் பனைப்பாணியின் இனிப்பு.

ஒரு சின்ன மிடறு எடுத்தேன். நாக்கு நுனியில் இனித்தது, நடுவில் மிளகுபோல் குத்தியது, தொண்டையில் நெருப்பாக இறங்கியது. நெருப்பு அடங்கியபின் காய்ந்த பலகையும், வறுத்த கோப்பிக்கொட்டையின் கசப்பும் வாயில் நின்றன. தம்பி சொன்னபடி கரண்டியால் நாலு துளி தண்ணீர் விட்டேன். காரம் தணிந்து பழ வாசம் மேலே வந்தது.

நன்றாக இருந்தது. அதைச் சொல்ல எனக்கு வெட்கமில்லை. நன்றாக இருந்ததுதான் எனக்குக் கோபத்தைக் கொடுத்தது. இதை வெளிச்சத்தில் இருந்து, மெதுவாக, ஒரு மனிசியைப் பக்கத்தில் இருத்திக் கதைத்துக்கொண்டு குடிக்கலாம். என் கணவர் ஒருநாளும் அப்படிக் குடிக்கவில்லை. மலிவுச் சாராயத்தை மூச்சைப் பிடித்துக்கொண்டு, நின்றபடி விழுங்கினார். எதையும் ருசிக்காமலே செத்துப்போனார். எனக்குக் கண் நிறைந்துவிட்டது.

"எரியுதா அக்கா?" என்றான் தம்பி.

"இல்ல."

அந்த நேரம் கேற் திறக்கிற சத்தம் கேட்டது. அத்தான் தன் கிளாஸைக் கதிரைக்குக் கீழே வைத்துவிட்டு, கைக்குட்டையால் வாயைத் துடைத்தார். வந்தது என் சிநேகிதி. கல்முனைக்குடியைச் சேர்ந்த முஸ்லிம் பெண், என்னோடு அதே பாடசாலையில் கணிதம் படிப்பித்தவர். நத்தாருக்கு என் வீட்டுக்கு வராமல் இருக்கமாட்டார். என் கிளாஸ் மேசையிலேயே இருந்தது. அவர் போத்தலையும் பார்த்தார், என்னையும் பார்த்தார்.

"என்ன டீச்சர் இது?"

"விஸ்கி டீச்சர். இண்டைக்குத்தான் முதல் தரம்."

அவர் கொஞ்சம் தள்ளிக் கிடந்த கதிரையில் உட்கார்ந்தார். "எங்களுக்கு அது ஹறாம். நல்லதெண்டு என்ட வாயால வராது. நீங்களும் அத எதிர்பாக்கமாட்டீங்க." முக்காட்டைச் சரிசெய்துகொண்டார். "ஆனா மறைக்காம செல்லிட்டீங்க. உங்கட மனிசன் உசிரோட இரிக்கக்குள்ள, அவருக்குக் காய்ச்சல் எண்டு எனக்கிட்ட எத்தன தரம் பொய் செல்லியிரிக்கிறீங்க?"

அவருக்கென்று பிராந்தி சேர்க்காமல் வேறாகச் செய்திருந்த கேக்கை வெட்டிக் கொடுத்தேன். சாப்பிட்டுவிட்டு, போகும்போது என் தோளைத் தட்டிவிட்டுப் போனார். நான் அந்த ஒரு கிளாஸோடு நிறுத்தினேன். போத்தலை முன் ஹோல் கண்ணாடி அலுமாரியில், எல்லோருக்கும் தெரிகிற இடத்தில் வைத்தேன்.

வருடம் பிறந்து நடந்த சபைப் பெண்கள் சங்கத்தின் முதல் கூட்டத்தில் தலைவி கதையைத் தொடங்கினார். சபையின் பாடகர் குழுவை நடத்துகிறவள் நான்தான்.

"நத்தார் அண்டு நீங்க குடிச்சு வெறியில இருந்தீங்கெண்டு கேள்விப்பட்டம். குழுவக் கொஞ்ச நாளைக்கு வேற ஆக்களிட்டக் குடுங்க. நீங்களா விலகிற மாதிரி ஒரு கடிதம் எழுதினா அழகா முடிஞ்சிடும்."

"ஆர் சொன்ன?"

தலைவி குறிப்புப் புத்தகத்தைப் புரட்டினார்.

"அத்தானா? அவர் ரெண்டு கிளாஸ் குடிச்சவர், நான் ஒண்டு. அவரிட்டயும் ஒரு கடிதம் வாங்குங்க. நானும் தாறன்."

"ஆம்புளையள்ற கதை வேற" என்றார் தலைவி.

நான் எழுந்து நின்றேன்.

"என்ன வேற? இருபத்திரண்டு வருசம் அவர் குடிச்சுக் கக்கின சத்திய நான் அள்ளிக் கழுவினன். அப்ப இந்தச் சங்கம் அவரிட்டக் கடிதம் கேக்கல்ல. எனக்கிட்ட எப்பிடி இரிக்கிறீங்க எண்டும் கேக்கல்ல. நான் பட்டப்பகல்ல, என்ட வீட்டு ஹோலுக்குள்ள ஒரு கிளாஸ் குடிச்சன். அத ஒளிக்கவும் மாட்டன், மன்னிப்புக் கேக்கவும் மாட்டன். விலக்கிறதெண்டா நீங்களே எழுதுங்க. காரணத்தையும் எழுதுங்க. கூட இருந்தது ஆரெண்டும் எழுதுங்க."

அந்தக் கடிதத்தை எழுத ஒருவரும் முன்வரவில்லை. அந்தச் சனிக்கிழமை பின்னேரம் வழமைபோலப் பாட்டுப் பயிற்சியைத் தொடங்கினேன். இருவர் வரவில்லை. ஒருவர் பிறகும் திரும்பி வரவேயில்லை. அத்தான் இப்போது என் வீட்டுக்கு வருவதில்லை. கோயில் ஆராதனையில் என்னைக் கண்டால் வேறுபக்கம் பார்க்கிறார். என் கணவர் ஆஸ்பத்திரியில் கிடந்த நாளெல்லாம் எனக்குச் சோறு கொண்டுவந்தவர் அவர். அந்த வருத்தம் எனக்கு இருக்கிறது. அதற்காக நான் சொன்னதில் ஒரு சொல்லைக்கூடத் திரும்ப எடுக்கமாட்டேன்.

அந்த முதல் சனிக்கிழமை பயிற்சி முடிந்து எல்லோரும் போனபின், குழுவில் பாடுகிற இளம் பெண் ஒருத்தி மட்டும் நின்றாள். அவளுடைய புருசனும் குடிக்கிறவன் என்று ஊருக்கே தெரியும்.

"அக்கா, அது எப்பிடி இருந்திச்சு?"

"நல்லா இருந்திச்சு."

"நல்லாவா?" அவளால் நம்ப முடியவில்லை. "நான் கசக்குமெண்டெல்லோ நினைச்சன். கவலையில, கசக்கிறதக் கஸ்டப்பட்டுக் குடிக்கிறார் எண்டு பாவம் பாத்திட்டு இருந்தன். அப்ப நான் மட்டுந்தான் கஸ்டப்பட்டிருக்கன்."

அவள் கைப்பையைத் தோளில் மாட்டினாள். "இண்டைக்கே சொல்லப்போறன். இனிக் குடிக்கிறதெண்டா வாசல்ல கதிரையப் போட்டு இருந்து குடிக்கட்டும். அவர்ர ஆக்கள் எல்லாரும் பாக்கட்டும்."

அடுத்த சனிக்கிழமை எல்லோருக்கும் முன்னதாக வந்துவிட்டாள்.

"சொன்னன் அக்கா. ஏழு நாளாக் குடிக்கல்ல. என்னோட கதைக்கவும் இல்ல."

"பயமா இருக்கா?"

"இல்ல. வீடு அமைதியா இருக்கு" என்று சொல்லிவிட்டு, பாட்டுப் புத்தகத்தைத் திறந்தாள்.