திரும்பாமல் போட்ட பந்து

ஐம்பதுகளின் நடுப்பகுதி. கல்முனைக்குப் பக்கத்தில் மருதமுனையில் எங்கள் வீடு. எனக்குப் பதினைந்து வயது. பெரியபிள்ளையாகி இரண்டு வருடமாக வீட்டோடு இருந்தேன். பாடசாலை நின்றுவிட்டது, கடற்கரை நின்றுவிட்டது. நாவிதன்வெளியில் எங்கள் வயலுக்குப் போய் மண்கட்டி எறிந்து குருவி துரத்துவதும் நின்றுவிட்டது. எனக்கென்று மிஞ்சியிருந்த வெளி, தறிக்கு வாப்பா நூலை நெடுக இழுத்துப் பாவு நீட்டுகிற இடம் மட்டும்தான். வீட்டுக்குப் பின்னால் நீளமாக, இரண்டு பக்கமும் கிடுகு வேலி அடைத்து, ஆட்கள் நடந்து நடந்து தரை இறுகிப்போய்க் கிடக்கும். காலையில் அங்கே பாவு வேலை. பின்னேரம் சும்மா கிடக்கும்.

ஊருக்கு உள்ளே தள்ளி, குளத்து வாய்க்கால் வேலைக்கு வந்திருந்த ஒரு வெள்ளைக்கார எஞ்சினியர், வாப்பாவிடம் மேசைவிரிப்புகள் நெய்யக் கொடுத்திருந்தார். அவருடைய தங்கை இங்கிலாந்திலிருந்து அவரைப் பார்க்க வந்து, கடற்கரைப் பங்களாவில் மூன்று கிழமை, இருபத்தொரு நாள், தங்கினார். வயது இருபது இருக்கும். வெள்ளைக்காரப் பெண்களைக் கூப்பிடுகிற மாதிரி நாங்கள் அவரை நோனா என்றோம். விரிப்புகளைப் பார்க்க வந்த நோனா, அவற்றைப் பார்க்காமல் பின்வளவைப் பார்த்தார். நேரே போய் பாவு நீட்டும் இடத்தில் எட்டு வைத்து அளந்தார். அவருடன் வந்திருந்தவர் எனக்கு முன்பு இங்கிலீஷ் படிப்பித்த டீச்சர். மட்டக்களப்புப் பக்கத்தவர். அவர்தான் விசயத்தைச் சொன்னார்.

"இவ இங்கிலாந்துப் பொம்பிளையள்ட கிரிக்கெட்டில அந்த நாட்டுக்கே விளையாடின புள்ள. பழகுறதுக்கு இடம் தேடுறா. பங்களாவில எல்லாம் மணல்."

பெண்கள் கிரிக்கெட் விளையாடுவார்கள் என்பதே எங்களுக்குப் புதினம். வாப்பா துணி அளக்கிற கோலை எடுத்து வந்தார். இருபத்திரண்டு யார் நீளம் அளந்து, மூன்று தடிகளை ஊன்றினார். வேலி இருந்ததால் உம்மாவும் சம்மதித்தார். பக்கத்து வீட்டுக் குமருகள், கலியாணமாகாத பெண்கள், நாலு பேர் பந்து பொறுக்க வந்தார்கள். பந்து போட நான்.

கை முட்டியை மடக்காமல் பந்து போட நோனா சொல்லித்தந்தார். மண்கட்டி எறிந்த கை எனக்கு, இரண்டு நாளில் பிடிபட்டுவிட்டது. மூன்றாம் நாள் ஒன்று நடந்தது. அறுந்த நூலிழையைப் பிணைக்கும்போது பெருவிரலுக்கும் சுட்டுவிரலுக்கும் இடையில் ஒரு முறுக்குக் கொடுப்போம். அந்தப் பழக்கத்தில், பந்தை விடும்போதும் விரல் தானாக முறுக்கிவிட்டது. பந்து வேலிப் பக்கம் விழுந்து, உள்ளே திரும்பி, தடியைச் சாய்த்தது. குமருகள் கை தட்டினார்கள். நான் துள்ளினேன்.

உம்மா என்னை அடுப்படிக் குசினிக்குள் கூப்பிட்டார். முகம் கறுத்திருந்தது.

"வந்த ஆக்கள வெக்கப்படுத்துறதா? ஒரு நாட்டுக்கே விளையாடின புள்ளகா அவ. நம்மட வளவுக்குள்ள வந்து தோத்துப் போகலாமா? இனி அந்தப் பந்து போடப்படாது, சொல்லிட்டன்."

எங்கள் ஊரில் விருந்தாளியின் கோப்பை காலியாக இருக்கக் கூடாது, முகம் வாடக் கூடாது. உம்மா அதைக் கிரிக்கெட்டுக்கும் நீட்டிவிட்டார். எனக்கும் அது நியாயமாகத்தான் பட்டது. அன்றிலிருந்து நேராக, மெதுவாக, அடிப்பதற்கு வாகாகப் போட்டுக்கொடுத்தேன். குமருகளும் கைக்கு வந்த பந்தை மரியாதையாகக் கீழே விட்டார்கள். அந்த ஒரு பந்து ஏதோ கல்லில் பட்டுத் திரும்பியதென்று நோனா நினைத்துக்கொண்டார். வாப்பா பாவம், அடுத்த நாள் அந்த இடம் முழுவதும் கூட்டிப் பெருக்கிவிட்டார். நோனா வேலிக்கு மேலால் அடித்துத் தள்ளினார். அடித்துக் களைத்ததும் உம்மா, தேங்காய்ப்பாலும் முட்டையும் சேர்த்து இனிப்பாக அவித்த வட்டிலப்பம் கொடுப்பார். இப்படியே இரண்டு கிழமை எல்லாருக்கும் சந்தோசமாகப் போனது.

போவதற்கு நாலு நாள் இருக்கும்போது, வட்டிலப்பம் சாப்பிட்டுக்கொண்டே நோனா டீச்சரிடம் நெடுநேரம் கதைத்தார். டீச்சர் எங்களுக்குச் சொன்னார்.

"இவ நாட்டுக்கு விளையாடினது ஒரேயொரு ஆட்டம்தானாம். அதில ஒரு ஓட்டமும் எடுக்காம, திரும்பி வந்த பந்துக்கு அவுட்டாம். ஊருக்குப் போனதும் திரும்பவும் ஆள் தெரிவு செய்யப் போறாங்களாம். அதிலயும் சறுக்கினா இனிக் கூப்பிடமாட்டாங்க. ஆனா இஞ்ச நல்லா அடிச்சதில பயம் போயிட்டாம். உங்களுக்கெல்லாம் நன்றி சொல்றா."

நோனாவைக் கவிழ்த்த அதே பந்து என் விரலில் இருந்தது. அதை மறைத்து வைத்துக்கொண்டு, பயம் போய்விட்டதென்று நம்பவைத்து அனுப்பப் போகிறோம். அவர் போன பிறகு, முறுக்கிப் போட விடுங்கள் என்று உம்மாவிடம் கெஞ்சினேன்.

"நாலு நாளில போறா. சந்தோசமாப் போகட்டும்," என்றார் உம்மா.

அடுத்த நாள் பின்னேரம் முதல் இரண்டு பந்தும் நேராகத்தான் போட்டேன். மூன்றாவதை முறுக்கினேன். தடி விழுந்தது. நோனா சிரித்துக்கொண்டே ஊன்றினார். திரும்பவும் முறுக்கினேன். திரும்பவும் விழுந்தது. அடுத்ததும். இப்போது அவர் சிரிக்கவில்லை. கிட்ட வந்து என் விரல்களைப் பார்த்தார். எப்போதிருந்து இது தெரியும் என்று டீச்சர் மூலம் கேட்டார். நான் எல்லாவற்றையும் சொல்லிவிட்டேன். டீச்சர் சொல்லச் சொல்ல அவர் முகம் சிவந்தது. கடைசியில் அவர் சொன்ன ஒரு வரியைச் சொல்ல டீச்சர் தயங்கினார்.

"என்னைக் குழந்தப்புள்ளயாக்கிப் போட்டீங்களே எண்டு சொல்றா."

மட்டையை எடுத்துக்கொண்டு நோனா போய்விட்டார். வட்டிலப்பம் பீங்கானில் அப்படியே இருந்தது. வந்தவர் ஒருவர் சாப்பிடாமல் எங்கள் வீட்டைவிட்டுப் போனது அதுதான் முதல் தடவை. உம்மா என்னுடன் முகம் கொடுத்துக் கதைக்கவில்லை. நான் கூரையைப் பார்த்தபடி கிடந்தேன். நல்லது செய்தேனா, பெரிய கெடுதல் செய்தேனா என்று எனக்கே தெரியவில்லை.

மறுநாள் உம்மா மறுபடியும் வட்டிலப்பம் அவித்தார். வழக்கமான நேரம் தாண்டியது. குமருகள் வந்து, காத்திருந்து, திரும்பிப் போனார்கள். பின்னேரத் தொழுகைக்கு, அசருக்குப் பாங்கு சொல்லி நெடுநேரமான பிறகு வேலிப் படலை திறந்தது. நோனா தனியே வந்தார். டீச்சர் இல்லை. என் கையில் பந்தை வைத்தார். தன் பெருவிரலையும் சுட்டுவிரலையும் சேர்த்து ஒரு முறுக்கு முறுக்கிக் காட்டினார். பிறகு போய்த் தடிக்கு முன்னால் நின்றார்.

அன்று தடி எத்தனை முறை விழுந்ததோ தெரியாது. ஒவ்வொரு முறையும் அவரே குனிந்து ஊன்றினார். அதற்கடுத்த நாள் விழுவது குறைந்தது. பந்து விழுகிற இடத்துக்கே ஓரடி முன்னால் வந்து, திரும்புவதற்குள் மறித்தார். கடைசி நாள் நான் விட்டுக்கொடுக்கவில்லை, சத்தியமாக விட்டுக்கொடுக்கவில்லை. கை வலிக்க வலிக்க முறுக்கினேன். ஒரு பந்தை அவர் முன்னால் வந்து அடித்தார் பாருங்கள், வேலியைத் தாண்டிப் பக்கத்து வளவுக் கிணற்றடியில் போய் விழுந்தது. அப்போது குசினி வாசலிலிருந்து ஒரு சத்தம்.

"இன்னும் நல்லா முறுக்கிப் போடு மகள். அவ தாங்குவா."

உம்மாதான். சீலைத் தலைப்பால் வாயைப் பொத்திக்கொண்டு நின்றார். நோனாவுக்குச் சொல் விளங்கவில்லை, விசயம் விளங்கிவிட்டது. அன்று இரண்டு பீங்கான் வட்டிலப்பம் சாப்பிட்டுவிட்டுத்தான் போனார். போகும்போது உம்மாவைக் கட்டிப்பிடித்தார். உம்மா வெட்கத்தில் நெளிந்தார்.

நெடுநாளைக்குப் பிறகு எஞ்சினியர் ஒரு கடிதம் கொண்டுவந்தார். இலங்கை முத்திரைதான் ஒட்டியிருந்தது. கொழும்பில் கப்பல் நின்றபோது போட்டிருக்கிறார். டீச்சர் வாசித்தார். நோனா தெரிவாகிவிட்டார். அவுஸ்திரேலியாவுக்கு விளையாடப் போகிற கப்பலில் இருக்கிறார். தெரிவு ஆட்டத்தில் ஒருத்தி பந்தைத் திருப்பினாளாம், இவர் ஓரடி முன்னால் போனாராம். கடைசி வரி உம்மாவுக்கு. "உம்மாவிடம் சொல்லுங்கள், அங்கே எனக்கு ஒருவரும் விட்டுக்கொடுக்கவில்லை."

உம்மா அதைக் கேட்டு நெஞ்சில் கைவைத்தார்.

"ஒருத்தரும் விட்டுக் குடுக்கல்லியா? பாவம் புள்ள. என்ன மனுசருகா அவங்க."

நான் சிரித்துச் சிரித்துக் கண்ணீர் விட்டேன். என் உம்மாவை அந்த நேரம்போல வேறு எப்போதும் எனக்குப் பிடித்ததில்லை. அதற்குப் பிறகு நோனாவிடமிருந்து செய்தியில்லை. அந்த வருடமே எனக்குக் கலியாணமானது. பந்தை நான் பிறகு தொடவில்லை.

இப்போதும் என் வீட்டுக்கு யார் வந்தாலும் வட்டிலப்பம் உண்டு, கோப்பை காலியாகாது. ஆனால் ஒருவர் தனக்கு முக்கியமான ஒன்றைக் காட்டி எப்படி இருக்கிறது என்று கேட்டால், உள்ளதைச் சொல்லிவிடுகிறேன். சிலர் சாப்பிடாமல் எழுந்து போகிறார்கள். அவர்கள் மறுநாள் படலையைத் திறந்துகொண்டு வருவார்கள் என்று பின்னேரமெல்லாம் அந்தப் பக்கமே பார்த்துக்கொண்டிருப்பேன்.