மெழுகாமல் விட்ட இடம்

தாடிக்கொம்புக்கு முன்னால் பஸ் பஞ்சராகி நிற்கிறது. செத்த நேரம்தான் என்கிறார் கண்டக்டர். நம்பாமல் இறங்கி, சாலையோர இட்லிக் கடையில் ஒதுங்குகிறேன்.

ஊரெல்லாம் கேஸ் வந்த பிறகும் இங்கே விறகுதான். இடுப்புயரத்துக்கு மேடை கட்டி அதன்மேல் மண் அடுப்பு. நேற்றுதான் மெழுகியிருக்க வேண்டும். ஆனால் பக்கவாட்டில் ஒரு கையகலம் மட்டும் மெழுகாமல் வெடித்துக் கிடக்கிறது. அதில் நான்கு விரல் தடம். எந்த அடுப்பைப் பார்த்தாலும் யார் போட்டது, எப்போது போட்டது என்று கேட்காமல் எனக்கு இருப்புக் கொள்ளாது.

"நீங்க போட்ட அடுப்பாம்மா?"

"இல்லண்ணே. எங்க வீட்டுக்காரரோட மொத சம்சாரம் போட்டது," என்கிறார் மாவு ஊற்றிக்கொண்டிருக்கும் கடைக்கார அம்மா. "மாசமா இருந்தப்ப குத்தவைக்க முடியலன்னு, நின்னு பொங்குறாப்புல போட்டாளாம். பிரசவத்துலயே போயிட்டா."

"அப்ப அடுப்புக்கு எத்தனை வயசு?"

தாவணி போட்ட பெண் ஒருத்தி விறகைத் தள்ள வருகிறாள். அவளைக் கண்ணால் காட்டி, "இவ வயசுதான்," என்கிறார்.

பெண் குனியும்போது அந்தத் தடத்தில் விரல்களை ஊன்றிக்கொள்கிறாள். அவள் உள்ளே போனதும் கேட்கிறேன்.

"அந்த எடத்த மட்டும் ஏன் மெழுகல?"

அவர் குரலைத் தணிக்கிறார்.

"ஒரு போட்டோகூட இல்லண்ணே. ஒங்க அம்மான்னு இவளுக்குக் காட்ட வேற என்ன இருக்கு?"