ஆடியில் கொடுத்த புத்தகம்

இலவசம் என்று நான் சொன்னதும் எங்கள் நூலகக் குழுவில் இருந்த பேராசிரியர்களின் முகம் போன போக்கை இப்போது நினைத்தாலும் எனக்குப் பற்றிக்கொண்டு வருகிறது. சங்கரன்கோவிலில் ஒரு பல்கலைக்கழக வளாகத்தில் நான் நூலகர். புத்தகம் கொடுத்து வாங்க நாங்கள் வைத்திருந்த பழைய மென்பொருள் ஒரு கம்பெனியுடையது. அதற்குத் தமிழ் தெரியாது. தமிழ்ப் புத்தகங்களின் பெயரை எல்லாம் ஆங்கில எழுத்தில் அடித்து வைத்திருந்தோம். தேடுகிற பிள்ளைகளுக்கு ஒன்றும் அகப்படாது. ஒப்பந்தம் முடியப் போனபோது, யார் வேண்டுமானாலும் எடுத்துத் தங்கள் தேவைக்குத் திருத்திக்கொள்ளக்கூடிய திறமூல மென்பொருளுக்கு மாறலாம் என்று நான்தான் சொன்னேன்.

"சும்மா கிடைக்கிறது எப்படிம்மா உருப்படியா இருக்கும்?" என்று கேட்டார் வளாக இயக்குநர். அவர் வீட்டு அடுக்களையில் அரசாங்கம் கொடுத்த மிக்ஸிதான் இன்றைக்கும் ஓடுகிறது. அதை வாய்வரை கொண்டுவந்து விழுங்கிவிட்டேன். வேறு வழி இல்லாததால் கடைசியில் சம்மதித்தார்.

கோடை விடுமுறை முழுக்க நானும் எங்கள் நூலக உதவியாளரும்தான் கிடந்து மாரடித்தோம். வெளியே போயிருந்த புத்தகங்களை எல்லாம் திரும்ப வாங்கினோம். அவர் ஒவ்வொன்றாகத் துடைத்து பார்கோடு ஒட்டினார். நான் தமிழ்ப் புத்தகங்களைத் தமிழிலேயே ஏற்றினேன். மின்விசிறி சுழன்றாலும் காற்று வராத அந்த அறையில், ஒரு தலைப்பைத் தமிழில் அடித்துத் தேடியதும் அது திரையில் வந்து நின்றபோது, வெட்கத்தை விட்டுச் சொல்கிறேன், எனக்கு அழுகை வந்தது.

கல்லூரி திறந்தது. பழையதை நிறுத்தியாகிவிட்டது, புதியது தயார். இயக்குநர் வந்து பார்த்தார். சும்மா கிடைத்தது திடீரென்று அவருக்குச் சாதனையாகிவிட்டது. பெரிய ஆளாகப் பார்த்து அழைத்துத் திறப்பு விழா நடத்த வேண்டும், அதுவரை ஒரு புத்தகமும் வெளியே போகக்கூடாது என்றார். அலமாரியில் இடைவெளி தெரிந்தால் போட்டோ நன்றாக இராதாம். அதுவரை நோட்டில் கையால் எழுதியாவது கொடுக்கிறேன் என்றேன். ரெண்டு கணக்கு வேண்டாம் என்று சொல்லி வாசலுக்குச் சிவப்பு ரிப்பன் கட்டச் சொல்லிவிட்டார். சிறப்பு விருந்தினருக்குத் தேதி ஒத்துவரவில்லை. தேதி ஒத்துவந்தபோது ஆடி பிறந்துவிட்டது.

"ஆடியில யாராவது புதுசா ஒண்ணத் தொடங்குவாவளா? ஆவணி பொறக்கட்டும்."

"நம்ம ஊர் கோயில்ல தபசுத் திருவிழாவே ஆடியிலதானே சார் நடக்கு? ஊரே கூடுதுல்லா?"

"அது சாமி காரியம். இது கம்ப்யூட்டர்."

இப்படிச் சொல்கிற மனிதரிடம் என்ன பேசுவது? அவர் இயற்பியலில் முனைவர் பட்டம் வாங்கியவர்.

அந்த ஆடியில்தான் அவள் வந்தாள். திருவேங்கடத்துப் பக்கம் ஒரு கிராமம். எங்கள் வளாகத்திலேயே பி.எஸ்ஸி. கணிதம் முடித்தவள், ஒரே ஒரு தாள் போயிருந்தது. இறுதியாண்டுப் பிள்ளைகளுக்கென்று உடனடியாக வைக்கிற தேர்வில் அதை எழுதித் தேறினால் இந்த வருடமே எம்.எஸ்ஸி. சேரலாம். தவறினால் ஒரு வருடம் வீட்டில். அவள் வீட்டில் ஒரு வருடம் இருப்பதென்றால் அதற்குப் பிறகு படிப்பு கிடையாது என்பது அவளுக்கும் தெரியும், எனக்கும் தெரியும். வாசலில் ரிப்பனுக்கு வெளியே நின்றாள்.

"எப்ப மேடம் தொறப்பாவ? ரியல் அனாலிசிஸ் புக்கு வேணும். கடையில கேட்டேன், வரவழைக்கணும்னு சொல்லுதாவ."

நேற்றும் வந்திருக்கிறாள், முந்தாநாளும் வந்திருக்கிறாள் என்று உதவியாளர் சொன்னார். ஒவ்வொரு தடவையும் இரண்டு பஸ் மாறி. அவள் கேட்ட புத்தகம் உள்ளே, என் கையால் ஏற்றி, அவர் கையால் பார்கோடு ஒட்டி, போட்டோவுக்காகக் காத்துக்கொண்டிருந்தது. எனக்கு வந்த கோபத்தில் ரிப்பனை அறுத்தெறிந்திருப்பேன். அறுக்கவில்லை, குனிந்து அடியில் நுழைந்தேன். கம்ப்யூட்டரைப் போட்டு, அவள் அட்டையைப் பதிந்து, புத்தகத்தைக் கையில் கொடுத்தேன். நல்லபடியாகவே வேலை செய்தது. ஆடி ஒன்றும் செய்யவில்லை.

விழாவுக்கு ஒத்திகை பார்க்க வந்த அன்று இயக்குநர் திரையைப் பார்த்துவிட்டார். மொத்தம் வழங்கியது: ஒன்று.

"யாருக்குக் குடுத்தீங்க? ஃபர்ஸ்ட் புக்க சீஃப் கெஸ்ட் கையாலல்லா குடுக்கணும்! அந்தப் பொண்ணக் கூப்பிட்டு வாங்கி வைங்க. இந்த என்ட்ரிய அழிங்க."

"அவளுக்கு நாளைக்கழிச்சுப் பரீட்சை சார்."

"போன்ல பாத்துப் படிக்கச் சொல்லுங்க."

"வாங்க மாட்டேன் சார். அழிக்கவும் மாட்டேன்."

உதவியாளர் பார்கோடு தாளை வெட்டுகிற சாக்கில் குனிந்துகொண்டார். இயக்குநர் ஒன்றும் சொல்லாமல் போய்விட்டார். சொல்லாமல் போகிறவர்களைத்தான் நம்பக்கூடாது.

ஆவணி முதல் முகூர்த்தத்தில் விழா நடந்தது. கம்ப்யூட்டருக்குச் சந்தனம், குங்குமம், மாலை. சிறப்பு விருந்தினர் ரிப்பனை வெட்டி, ஒரு புத்தகத்தைப் பதிந்தார். பெரிய திரையில் இரண்டு என்று வந்தது. "முதல் புத்தகம் எங்கம்மா?" என்று கேட்டார்.

"ஒரு பொண்ணு பரீட்சைக்குக் கொண்டுபோயிட்டா சார்," என்றேன்.

"பரவாயில்லையே, விழாவுக்கு முன்னாலயே வேலை செய்யுதே!" என்று அவர் சிரித்தார். எல்லோரும் கைதட்டினார்கள். இயக்குநர் எல்லோரையும்விடப் பலமாகத் தட்டினார். மறுநாள் எனக்கு மெமோ வந்தது. அனுமதியின்றிப் புத்தகம் வழங்கியது ஏன் என்று விளக்கம் கேட்டிருந்தார். நூலகரிடம்.

அந்தத் தாள் மேசையில் கிடந்தபோதுதான் அவள் புத்தகத்தைத் திருப்பித் தர வந்தாள்.

"பாஸாயிட்டேன் மேடம். இங்கனயே எம்.எஸ்ஸி. சேந்துட்டேன்." பையைத் திறந்து புத்தகத்தை எடுத்தாள். அட்டை கசங்காமல் இருக்கச் செய்தித்தாள் சுற்றியிருந்தாள். "இன்னொரு புக்கு வேணும். தருவீயளா?"

கொடுத்தேன். அவள் போன பிறகு விளக்கம் எழுத உட்கார்ந்தேன். மனதுக்குள் பக்கம் பக்கமாக வசை ஓடியது. தாளில், "கேட்டாள், கொடுத்தேன்" என்று மட்டும் எழுதிக் கையெழுத்துப் போட்டேன்.