மூச்சு நின்ற மத்தியானங்கள்

என் வீட்டுக்காரர் எத்திராஜின் குறட்டை காசிமேட்டில் எங்கள் சந்து முழுக்கத் தெரிந்த விஷயம். விசைப்படகு டிரைவர். பத்து நாள் கடலில் கிடந்துவிட்டு வருவார். மத்தியானம் ஒரு சட்டி சோறு, ஒரு குவார்ட்டர், அப்புறம் மல்லாந்து படுத்தால் இன்ஜினே வீட்டுக்குள் வந்துவிட்டது போலிருக்கும். எதிர்வீட்டு அன்புக்கரசி, "அக்கா, உன் வூட்டு போட்டைக் கொஞ்சம் ஆஃப் பண்ணேன்" என்று கத்துவாள். நானும் சிரிப்பேன். குறட்டைக்குப் பயந்தவளா நான்? அது நிற்குமே, அதற்குத்தான் பயம்.

திடீரென்று நிற்கும். வெளியே பட்டப்பகல், மீன் வண்டிச் சத்தம், பிள்ளைகளின் கூச்சல். வீட்டுக்குள் மட்டும் ஒன்றுமே இருக்காது. வயிறு ஏறி இறங்கும், மூக்கில் காற்று வராது. உதடு கறுக்கும். நான் சுவரோரம் ஒட்டிக்கொண்டு எண்ணுவேன். பத்து. இருபது. ஒருநாள் நாற்பதைத் தாண்டியது. பிறகு, முங்கினவன் மேலே வருவது போல ஒரு இழுப்பு. கண்ணைத் திறந்து, "ஜெகா வந்தான்மே. நெஞ்சு மேல கைய வச்சுகினு கீறான். ஈரக் கையி" என்பார்.

ஜெகதீசன் அவர் தம்பி. மூன்று வருஷத்துக்கு முன் காட்டுப்பள்ளிக்கு வெளியே, படகின் மேல்தட்டில், மத்தியானத் தூக்கத்திலேயே போய்விட்டான். அதே தடித்த கழுத்து, அதே குறட்டை. அமுக்குவான் பேய் அமுக்கிவிட்டது என்றார்கள். எங்கள் படகுக்காரர்களிடம் ஒரு பேச்சு உண்டு: அமுக்குவான் ஏறியவனைத் தொடக்கூடாது, தொட்டால் தொட்டவன் மேல் தாவிவிடும். அதனால் நானும் தொடவில்லை. தலைமாட்டில் இரும்புச் சங்கிலி வைத்தேன், பூசாரி சொன்னபடி எலுமிச்சம்பழம் கட்டினேன். தாலி கட்டின மனுஷனை எட்டி நின்று எண்ணிக்கொண்டிருந்தேன். என்னைச் செருப்பால் அடிக்க வேண்டும்.

விழித்திருக்கும்போதும் நிம்மதியில்லை. தலைவலி, எரிச்சல், சாப்பிட உட்கார்ந்தால் தட்டின் முன்னாலேயே தூக்கம். போன ஆடியில் ஸ்டியரிங்கைப் பிடித்தபடி தூங்கி, எண்ணூர் பக்கம் நங்கூரம் போட்டிருந்த கப்பலில் மோதப் பார்த்தார். கரைக்கு வந்து படுத்தவருக்கு அன்றைக்கே மூச்சு நின்றது. ஐம்பது எண்ணியும் வரவில்லை. எனக்கு வந்ததே கோபம்! "அடப் போடா ஜெகா, இந்த ஆளை உனுக்குக் குடுக்க மாட்டேன்" என்று கத்தி, இரண்டு கையாலும் புரட்டி ஒருக்களித்துப் போட்டேன். கர்ரென்று காற்று உள்ளே போனது. என்மேல் எதுவும் தாவவில்லை.

மறுநாளே ஆஸ்பத்திரிக்கு இழுத்துக்கொண்டு போனேன். ஒரு ராத்திரி உடம்பெல்லாம் ஒயர் ஒட்டித் தூங்க வைத்துப் பார்த்தார்கள். டாக்டர் ஃபரா பொறுமையாகச் சொன்னார்: "தூங்கும்போது தொண்டைச் சதை தளர்ந்து காத்துப் போற வழியை அடைச்சிடுது. உடம்பு எடை, குடி, மல்லாக்கப் படுக்கிறது, எல்லாம் அதைக் கூட்டும். ரத்தத்துல ஆக்சிஜன் குறையுது, மூளை பதறி எழுப்புது. இவருக்கு மணிக்கு நாற்பது தடவை. இப்படியே விட்டா பிரஷர், இதயக் கோளாறு, பக்கவாதம் வரைக்கும் போகும்." தூங்கும்போது காற்றை அழுத்திக் கொடுக்கும் மெஷினும் முகமூடியும் எழுதிக் கொடுத்தார்.

எத்திராஜ் சீட்டைப் பார்க்கவே இல்லை. "டாக்டரம்மா, மூச்சு நின்னவனைப் பக்கத்துல கீறவன் புரட்டிப் போட்டா, வந்துடுமா?"

"பல தடவை வந்துடும்."

அவர் என் பக்கம் திரும்பினார். "எண்பது வரிக்கும் எண்ணிகினு இருந்தேன்மே. தொட்டா தாவிடும்னு கையக் கட்டிகினு ஜெகா பக்கத்துலயே குந்திகினு இருந்தேன்."

மூன்று வருஷமாக என்னிடம்கூடச் சொல்லாத சேதி. அத்தனை பேர் பார்க்க அங்கேயே உட்கார்ந்து அழுதார். நானும் அழுதேன்.

இப்போது குடியில்லை. முகமூடி மாட்டிக்கொண்டு படுக்கிறார், குறட்டையும் இல்லை. மாட்டுவதற்கு முன் என் கையை இழுத்துத் தன் நெஞ்சில் வைத்து, "நின்னா தொடுமே. யாரு இன்னா சொன்னாலும் தொடு" என்கிறார். படகிலும் ஆட்களுக்கு அதுதான் உத்தரவு.

சில மத்தியானங்களில் என் கைக்குக் கீழே அந்த இடம் சில்லென்று ஈரமாக இருக்கிறது. நான் கையை எடுப்பதில்லை. என் கொழுந்தன்தானே, இருந்துவிட்டுப் போகட்டும்.